திண்ணை வீட்டில் பைக்: ஏறாவிட்டால், சரிந்தால், காலையில் கிளம்பாவிட்டால்

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் இருபுறமும் திண்ணை, நடுவில் வாசல் நிலை, உள்ளே ரேழி என்கிற குறுகலான நடை, அப்புறம் முற்றம், கூடம், கடைசியில் கொல்லை. அரசலாறு கரை தளும்பினால் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு உயரம். கட்டியவர்கள் நெல் மூட்டைக்கும் மாட்டுக்கும் யோசித்தார்கள். பைக்குக்கு யோசிக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. கும்பகோணம், மாயவரம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் பழைய தெரு எதில் நுழைந்தாலும் இதே அமைப்புதான்.

பன்னிரண்டு வருடமாக ராத்திரி ராத்திரி வண்டியை இந்தப் படியில் ஏற்றி, காலையில் இறக்குகிறேன். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வீட்டிலும் வழி செய்து கொடுத்திருக்கிறேன். வண்டியில் கோளாறு என்று கூப்பிட்டு நான் போய்ப் பார்த்ததில் பாதிக்கு மேல் கோளாறு வழியில்தான் இருந்தது. பலகை குட்டை, கதவு முழுக்கத் திறக்கவில்லை, நிறுத்திய தரை முற்றத்துப் பக்கம் சரிவு, இப்படி. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அளவு நாடாவை எடுங்கள். படிகளின் மொத்த உயரம், நிலையின் உள்ளகலம், ரேழியின் அகலம், ஹேண்டில்பாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. இந்த நாலையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறிக்கு நேராகக் கீழே படியுங்கள்.

திண்ணையை இடித்துச் சிமெண்ட் சரிவு போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய திண்ணையை ஓரிடத்தில் உடைத்தால் விரிசல் நிலைக்கால் வரை ஓடும். தவிர, அந்தச் சரிவு தெருவில் நாலைந்து அடி நீண்டு சாக்கடையை மூடும், மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் கட்டும். எடுத்து வைக்கிற பலகை போதும்.

பலகையில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது

பலகை குட்டை. கணக்கு எளிது: வண்டியின் எடையைப் படிகளின் மொத்த உயரத்தால் பெருக்கி, பலகையின் நீளத்தால் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் கை தள்ள வேண்டிய கிலோ.

எங்கள் வீட்டு மூன்று படி சேர்ந்து 21 அங்குலம். ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. ஐந்தடிப் பலகை, அதாவது 60 அங்குலம் போட்டால் 39 கிலோவைத் தள்ள வேண்டும். ஏழடிப் பலகை போட்டால் அது 28 கிலோவாக இறங்கிவிடும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ; அதே ஏழடிப் பலகையிலும் 49 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம், அதுவும் இரண்டு சக்கரத்தில் சமன் பிடித்துக்கொண்டு. தனியாளாக இருந்தால் முப்பது கிலோவுக்குள் வருகிற மாதிரி பலகையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பின்னால் ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் உதவி வேண்டும்.

எஞ்சினோடு ஏற்றுவதானால் வண்டியில் உட்காராதீர்கள். இடதுபுறம் படியில் நடந்தபடி, முதல் கியரில் அரைக் கிளட்ச்சில் ஏற்றுங்கள். பலகை படியின் முழு அகலத்தையும் அடைக்கக்கூடாது என்பது இதனால்தான். சக்கரத்துக்குப் பத்து அங்குலம் போதும், மிச்சம் உங்கள் காலுக்கு. நடுவழியில் திணறினால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கிளட்ச்சையும் விடுங்கள். எஞ்சின் அணைந்து பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி அங்கேயே நிற்கும். பதறிப்போய்க் கிளட்ச்சை இறுக்கிப் பிடித்தால் மொத்த எடையும் பின்னால் ஓடும். துணைக்கு நிற்பவர் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒருபோதும் கூடாது.

பலகை பின்னால் ஓடுகிறது, அல்லது சக்கரம் வழுக்குகிறது

இரண்டும் வேறு வேறு. பின்சக்கரம் வண்டியை முன்னால் தள்ளும்போது அதே பலத்தில் பலகையைப் பின்னால் தள்ளும். பலகையின் தலை மேல்படியில் சும்மா சாய்ந்திருந்தால் அது தெருவுக்கு வரத்தான் செய்யும். தலைப்பக்கம் இரண்டு இரும்புக் கொக்கி அடித்து, மேல்படியில் இரண்டு துளை போட்டு, கொக்கியின் மூக்கு துளைக்குள் இறங்குகிற மாதிரி வையுங்கள். பழைய கட்டடத்தில் செங்கல்லில் துளை போடாமல் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள காரையில் போடுங்கள். செங்கல் பிளந்தால் படியே போய்விடும்.

வழுக்கலுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். முதலில் ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டில் பலகை செய்யச் சொன்னேன். மேடு பள்ளம் உள்ள தகடு கேட்டிருந்தேன். வந்தது வழவழப்பான தகடு, மேலே பச்சைப் பெயிண்ட். வெயில் காலம் முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தூறலில் ஏற்றினேன். முன்சக்கரம் நிலையைத் தொட்டுவிட்டது. பின்சக்கரம் ஒரு சாண் பக்கவாட்டில் நழுவியது, அவ்வளவுதான். வண்டி என் பக்கம் சாய்ந்து, லெக் கார்டு படி விளிம்பில் மோதி நின்றது. கிளட்ச் லீவர் நடுவில் ஒடிந்து, நுனி சாக்கடை ஓரத்தில் கிடந்தது. என் முழங்காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. அந்த லெக் கார்டு இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை வண்டியைப் பார்க்கவே இல்லை. "காலை அசைச்சுக் காட்டுடா, மொதல்ல காலை அசைச்சுக் காட்டு" என்று என் பாதத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு மரம்தான். இரண்டு அங்குல கனம் இருக்கட்டும். ஓர் அங்குலப் பலகை ஏழடி நீளத்துக்கு நடுவில் வளைந்து வண்டியைத் தூக்கிப் போடும். குறுக்கே எட்டு அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் கட்டை அடித்து, இடையில் பழைய டயரை வெட்டி ஆணி வைத்துத் தைத்துவிடுங்கள். ஆணித் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த பலகையில் பாசி பிடிக்கும், மாதம் ஒரு தடவை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

அடிப்பாகம் தட்டுகிறது

பலகை முடிகிற இடத்திலேயே நிலையின் வாசற்படி இருந்தால் இப்படித்தான் ஆகும். முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் இன்னும் பலகையில். வண்டியின் வயிறு வாசற்படிக் கட்டையில் உட்கார்ந்துவிடும். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் அடிப்பாகம் தரையிலிருந்து 165 மி.மீ. உயரம், இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே 1236 மி.மீ., அதாவது நாலடிக்குச் சற்று மேல். ஆகவே பலகையின் தலைக்கும் வாசற்படிக்கும் நடுவில் நாலே கால் அடியாவது சமதளம் இருந்தால், பின்சக்கரமும் சமதளத்துக்கு வந்த பிறகுதான் வயிறு கட்டையைத் தாண்டும். நாலங்குலக் கட்டையைத் தட்டாமல் கடந்துவிடும்.

அவ்வளவு இடம் இல்லாத வீட்டில் வாசற்படிக்கு இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவிய கட்டை வைக்க வேண்டும். பலகையை இன்னும் நீளமாக்கினாலும் சாய்வு குறைந்து தட்டல் குறையும். வாசற்படியையே வெட்டி எடுக்க ஒரு தச்சர் எனக்கு யோசனை சொன்னார். நிலைக்கால் இரண்டையும் கீழே விலகாமல் பிடித்திருப்பது அந்தக் கட்டைதான். அதோடு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் கோலம் போடுகிற கட்டை அது. அதில் கை வைக்க வேண்டாம்.

ஹேண்டில் நிலையில் மாட்டுகிறது

எங்கள் நிலையின் உள்ளகலம் 30 அங்குலம். ஸ்பிளெண்டரின் அகலம் 720 மி.மீ., அதாவது 28 அங்குலச் சொச்சம். போக வேண்டும், ஆனால் போகவில்லை. காரணம் கதவு. இரட்டைக் கதவு நேராகத் திறந்து நிற்கும்போது அதன் கனமே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வழியைத் தின்றுவிடும். மேலே பித்தளைக் குமிழ் வேறு. கதவைச் சுவரோடு ஒட்டத் திறக்க முடியாமல் தடுத்தது பின்னால் அடுக்கியிருந்த உர மூட்டை. மூட்டையை நகர்த்தியதும் வண்டி போய்விட்டது.

அப்படியும் போகாவிட்டால் ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்க ஒடியுங்கள். இடது பிடி முன்னால் வரும், அதை முதலில் நுழையுங்கள். ஒரு சாண் தள்ளிவிட்டு இடப்பக்கம் ஒடித்தால் வலது பிடி நுழையும். கண்ணாடிகள் இடித்தால் உள்பக்கமாகத் திருப்பிவிடலாம். கழற்றுவதானால் ஒன்று கவனம்: யமஹா வண்டிகளில் பொதுவாக வலது கண்ணாடிக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், வழக்கம்போலத் திருப்பினால் மேலும் இறுகி மரை போய்விடும். ஹேண்டிலை விட அகலமான லெக் கார்டு மாட்டியிருந்தால் அதற்கு இந்தச் சூட்சுமம் எதுவும் செல்லாது. குறுகலான ஒன்றை வாங்கி மாட்டுங்கள், கழற்றி எறிய வேண்டாம்.

இறக்கும்போது பிரேக் பிடித்தும் வண்டி ஓடுகிறது

அதிகம் பேர் விழுவது ஏற்றும்போது அல்ல, காலையில் அவசரமாக இறக்கும்போது. உள்ளே நேராக ஏற்றிய வண்டி வெளியே பின்பக்கமாகத்தான் இறங்கும். அப்போது வண்டியின் மூக்கு மேலே, எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில். முன்சக்கரத்தில் பாரம் குறைந்துவிடுவதால், முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கக்கூடும். பின்பிரேக் காலில் இருக்கிறது. நடந்து இறக்குபவருக்கு அது எட்டாது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊர் மெக்கானிக். "அண்ணே, பிரேக் ஷூ மாத்திக் குடுங்க, எறக்கும்போது நிக்கவே மாட்டேங்குது" என்று போய் நின்றேன். டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடினார். "ஷூ நல்லாத்தான் இருக்கு தம்பி. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஃபர்ஸ்ட் கியர்ல போடு. கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டுப் பிடி. அதான் ஒனக்கு பிரேக்கு."

அப்படியே செய்து பாருங்கள். சாவி அணைந்திருக்க, முதல் கியர் விழுந்திருக்க, கிளட்ச்சை இழுத்தால் வண்டி இறங்கும், விட்டால் எஞ்சின் பின்சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும். அரை அடி, அரை அடியாக இறக்கிவிடலாம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இது செல்லாது. ஆனால் அதில் பின்பிரேக்கும் இடது கையிலேயே இருப்பதால் தேவையும் இல்லை.

ரேழியில் திருப்ப முடியவில்லை

இரண்டு மீட்டர் நீள வண்டி மூன்றரை அடி ரேழியில் திரும்பாது; முயற்சி செய்து சுவரைக் கீறாதீர்கள். மெயின் ஸ்டாண்ட் இருந்தால், ரேழியைத் தாண்டி அகலமான இடத்துக்குத் தள்ளிப்போய், சாக்கை இரண்டாக மடித்து ஸ்டாண்டின் இரு காலுக்கும் அடியில் போட்டுவிட்டு வண்டியை அதன் மேல் நிறுத்துங்கள். சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்கு நன்றாக வழுக்கும். பின்கம்பியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் வாகாகத் திரும்பிவிடும், தரையில் கீறலும் விழாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பம்பரம் மாதிரிச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசான வண்டிக்கே ஸ்டாண்டின் ஆணி வளைந்துவிடும், புல்லட்டில் செய்யவே கூடாது.

ஸ்டாண்ட் போட்டும் சாய்கிறது

கொல்லையில் நிறுத்துகிறவர்களுக்கு: நம்முடையது வண்டல் மண். காய்ந்தால் கல், நனைந்தால் களி. சாயங்காலம் நிமிர்ந்து நின்ற வண்டி ராத்திரி மழையில் ஸ்டாண்டின் கால் புதைந்து விடியற்காலையில் படுத்திருக்கும். முழுச் செங்கல்லோ கடப்பைக் கல் துண்டோ ஸ்டாண்டுக்கு அடியில் வேண்டும்.

ரேழியில் நிறுத்துகிறவர்களுக்கு: தரை முற்றத்துப் பக்கம் தண்ணீர் ஓடச் சரிந்திருக்கும். வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்த்து இருந்தால், லேசாக முன்னால் உருண்டதும் சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும். முகம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் நிறுத்துங்கள்.

விடியும்போது வீடெல்லாம் பெட்ரோல் வாடை

இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். மேலே எழும்பிப் போகாது, தரையோடு தவழ்ந்து முற்றத்துப் பள்ளத்திலும் தண்ணீர் போகும் தூம்பிலும் தேங்கும். விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் வருகிற சின்னப் பொறி போதும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி எதையும் ஏற்றவிடாதீர்கள். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஒருசேரத் திறந்தால் நம் வீட்டு அமைப்புக்குக் காற்று ஒரே ஓட்டமாக ஓடும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெளியே விடுங்கள்.

காரணம் தேடுவது வெளியே வைத்துத்தான். பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பைத் திறந்தே விட்டிருப்பீர்கள்; உள்ளே மிதவையின் ஊசியில் தூசு சிக்கியிருக்கும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்ததும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டியிருக்கும். ராத்திரி உள்ளே ஏற்றுவதற்கு முன் டேப்பை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இது பெரும்பாலும் வராது. இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாத புது வண்டியில், டேப் கிடையாது. அதில் வாடை வந்தால் டேங்க் மூடியின் ரப்பரையும் பெட்ரோல் குழாயையும் பாருங்கள். கழுத்து வரை நிரப்பிய டேங்கை சித்திரை வெயிலில் நிறுத்தினாலும் பெட்ரோல் விரிந்து மூடி வழியாகக் கசியும்.

கார்த்திகை தீபத்தன்று திண்ணை முழுக்க அகல் வைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அன்றைக்கு மட்டும் வண்டியைக் கொல்லையிலோ, வேறொருவர் வீட்டிலோ விட்டுவிடுகிறேன். ரேழியில் பெட்ரோல், வாசலில் நெருப்பு; அந்த ஒரு ராத்திரிக்கு நான் துணிய மாட்டேன்.

அதே போல, மழையாக இருக்கிறதே என்று ரேழிக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்பது காவல் ஆகாது. உள் அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். ஏற்றும்போதும் நிலையைத் தாண்டியதும் சாவியை அணைத்துவிடுங்கள்.

காலையில் கிளம்பவில்லை

செல்ஃப் அழுத்தினால் "டிக் டிக்" என்று மட்டும் சத்தம், ஹாரன் ஈனமாக ஒலிக்கிறது: பேட்டரி. ஏற்றி இறக்குவது தொல்லை என்று வாரக்கணக்கில் வண்டியை எடுக்காத வீடுகளில் முதலில் சாவது இதுதான். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.4க்குக் கீழே சார்ஜ் தேவை. 12க்கும் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து பிறகு தேறுவது கடினம். சார்ஜ் போடும்போது பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். 3 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.3 ஆம்பியர். டிராக்டர் பேட்டரிக்கு வைத்திருக்கும் சார்ஜரில் மாட்டினால் வெந்துவிடும். தினமும் ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓட்டுவதும் வைத்தியம் ஆகாது. பேட்டரி ஏறாது, சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும். வாரம் ஒரு தடவை இருபது முப்பது நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்தால் கிக்கரை உதைத்துப் பயனில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் கிளம்பாவிட்டால் பெட்ரோல். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அரை டேங்கோடு இரண்டு மாதம் நின்ற வண்டியில், தண்ணீர் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கலாம். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை நிறைத்து நிறுத்துங்கள். வெறும் இடம் குறைந்தால் ஈரக்காற்றுக்கும் இடம் குறையும். கார்புரேட்டர் வண்டியில் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, பெட்ரோல் தங்கும் அதன் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். வடித்ததில் வார்னிஷ் வாடை வந்தால் ஜெட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கிளம்புகிறது, இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: குளவி. கொல்லையில் நிற்கும் வண்டியின் டேங்க் மூடியில் காற்று நுழையும் சின்னத் துளையை மண் வைத்து அடைத்துவிடும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வழியில்லாமல் ஓட்டம் நின்றுபோகும். நின்ற இடத்தில் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் துளை அடைபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் தீர்ந்தது. என் சித்தப்பா இதற்காக ஒரு கார்புரேட்டரையே மாற்றியிருந்தார். மூடியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினோம். உள்ளங்கையில் பட்டாணி அளவுக்குக் காய்ந்த மண் விழுந்தது.

சாவி போட்டால் விளக்கே எரியவில்லை என்றால் எலி. தை மாசி அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலிகள் வீட்டைப் பார்க்க வரும். வைக்கோலும் நெல்லும் ரேழியில் இருந்தால் கேட்கவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் கூடு கட்டி, ஒயரின் மேலுறையைக் கடித்துச் செம்பு தெரிய வைத்துவிடும். இரண்டு செம்பு தொட்டதும் ஃப்யூஸ் போகும். கடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்து டேப் சுற்றாமல் புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் போகும். ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் காகிதம் சுற்றுவது, ஒயர் இழை வைப்பது வேண்டாம். பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒயர் எரியும்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். மழைக்காலத்தில் சீட்டைத் தூக்குவதற்கு முன், பக்க மூடிக்குள் கை விடுவதற்கு முன், டார்ச் அடித்துப் பாருங்கள், குச்சியால் தட்டுங்கள். உள்ளே இருந்தால் விலகி நின்று 101க்குச் சொல்லுங்கள், தீயணைப்பு நிலையத்தார் வருவார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108 அல்லது நேராக அரசு மருத்துவமனை.

நிழலில்தான் நிற்கிறது, ஆனாலும் துரு

பக்கத்தில் என்ன அடுக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பொட்டாஷ் உரம் உப்பு வகை. யூரியா ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டை ஓரத்தில் நின்ற என் வண்டியின் வலது பக்க ஸ்போக்குகள் மட்டும் ஒரே பருவத்தில் பொரிந்துபோயின, இடது பக்கம் பளபளவென்று இருந்தது. மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினால் கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா பித்தளையையும் செம்பையும் அரிக்கும். ஒயர் முனைகள் பச்சை பூக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றே போதும், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, செயினுக்கும் ஸ்போக்குக்கும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. வண்டியை இறுக மூடும் பிளாஸ்டிக் உறை உள்ளே வியர்க்க வைக்கும், பருத்தித் துணியே நல்லது.

புயல் அறிவிப்பு வந்துவிட்டது

வெளியே நிற்கும் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அன்று, எங்கள் உறவுக்காரர் வீட்டில் தார்ப்பாய் கட்டிய வண்டியைத்தான் காற்று பாய்மரம் மாதிரிப் பிடித்து இழுத்துச் சாய்த்தது. பக்கத்தில் வெறுமனே நின்றது அப்படியே நின்றது. தென்னை, முருங்கை இரண்டுக்கும் விலக்கி நிறுத்துங்கள். உள்ளே ஏற்ற முடிந்தால் காற்று வருவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். நனைந்த பலகையில் இருட்டில் ஏற்றுகிற வேலை வேண்டாம்.

தண்ணீர் வந்து வண்டி மூழ்கிவிட்டது

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை, ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பது. சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற சேற்றுக் கோடு தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

கோடு சக்கர மையத்துக்குக் கீழே என்றால் பிரேக் டிரம்மைத் திறந்து சேறு துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். அதற்கு மேல் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையின் மேல் துணி போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள், தண்ணீர் துணியில் பீச்சும். வண்டியைப் பின்னால் சாய்த்து சைலன்சரை வடியுங்கள். ஆயில் பார்க்கும் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது: முழுக்க இறக்கி, விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பெட்ரோலையும் வடித்துப் புதிதாக விட்டு, தெருவில் வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டி, அந்த ஆயிலையும் இறக்கிவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். மூன்று நாள் ஓட்டிய பிறகு குச்சியை மறுபடி இழுத்துப் பாருங்கள். இன்னும் டீ நிறம் காட்டினால் அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள்.